மாப்பிள்ளையின் கைவண்ணம்

அன்புத் தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அந்த ஊர்க் குளிரும் புது வேலையும் உனக்குப் பழகியிருக்கும் என்று நம்புகிறேன். உன் அண்ணி ஸ்வெட்டர் பின்னி அனுப்புகிறாள். நிறத்தைப் பார்த்துச் சிரிக்காதே.

விஷயத்துக்கு வருகிறேன். உன் வீட்டுக்காரனின் திராட்சைத் தோட்டத்தில் நேற்று வைன் ருசி பார்க்கும் கூட்டம். போனேன். உன்னை வெளியே அனுப்பிய அதே வாசலில் நின்று, வாங்க மச்சான் என்று பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். சமாதானம் பேச வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான், பாவம்.

முதலில் ஷார்டனே என்கிற வெள்ளை வைன். வெண்ணெய் வாசம், குறை சொல்ல முடியாது. வழக்கப்படி வாயில் சுழற்றி வாளியில் துப்பினோம். அடுத்தது மூன்று ரகம் கலந்த சிவப்பு. ஒரு வாய் வைத்ததுமே தெரிந்துவிட்டது, நீ கலந்து வைத்துவிட்டு வந்தது. துப்ப மனம் வரவில்லை, விழுங்கினேன். அவனோ, எல்லாம் நம்ம கைவண்ணம் என்று மார்தட்டினான். நாக்கு செத்தவள் என்று உன்னைத் துரத்தியவன்!

அத்தனை வியாபாரிகள் முன்னாலும் சிரித்துக்கொண்டே கேட்டேன். மாப்பிள்ளை, பீப்பாயெல்லாம் பக்கத்துலதானே இருக்கு, எங்க கண்ணு முன்னாடி ஒரு ஜாடி கலந்து காட்டுங்களேன் என்றேன். மறுக்க வழியில்லை. மூன்றையும் சரிசமமாக ஊற்றினான், பாகப்பிரிவினை செய்கிற மாதிரி. அந்தத் துவர்ப்பு ரகத்தை நீ சொட்டுச் சொட்டாகத்தானே விடுவாய்? வாளிக்கு வரிசை நின்றது. வயதான ஹோட்டல்காரர் ஒருவர், தம்பி, இது குடிக்கிறதா, கதவுக்கு அடிக்கிறதா என்று கேட்டார். முதல் சிவப்பைக் கலந்தவள் என் தங்கை, இனி இங்கே கலக்க மாட்டாள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். ஒருவரும் ஆர்டர் தரவில்லை. வீட்டுக்கு வந்து வயிறாரச் சாப்பிட்டேன்.

காலையிலிருந்து உன் விலாசம் கேட்டு ஆள்மேல் ஆள் விடுகிறான். நான் தரமாட்டேன். ஆனால் உன் சிநேகிதிகளின் வாய் சும்மா இருக்காது. கடிதம் வரும், பக்கம் பக்கமாக அழுதிருப்பான். அம்மாடி, பிரிக்காமல் அடுப்பில் போடு. எனக்குப் பதில் எழுதும்போது, அவர் ரொம்ப இளைச்சிட்டாரா அண்ணா என்று மட்டும் கேட்டுவிடாதே.

நீயும் உன் நாக்கும் நூறு வயசு நல்லா இருக்கணும்.

உன் அண்ணன்