சவம் போகும் கேட்

ராயக்கோட்டை
7.10.2024

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி ராயப்பன் எழுதுவது. பத்து தடவை கூப்பிட்டும் நீ போனை எடுக்கவில்லை, மண்டியை விட்டு ஊருக்கு வரவும் முடியவில்லை, அதனால் தபால். மாமாவுக்கு மூச்சிரைப்பு எப்படி இருக்கிறது?

நேராகவே சொல்கிறேன். பெங்களூர்–சேலம் பாதையை இரட்டையாக்கும்போது நம் ஊர் ரயில்வே கேட்டை மூடிவிடலாம் என்று தக்காளி மண்டிக்காரர்கள் சார்பில் கையெழுத்துப் போட்டது நான்தான். கேட்டில் முக்கால் மணி நேரம் நின்றால் சரக்கு கூழாகிறது. அதற்குப் பதிலாகத் தள்ளி மெயின் ரோட்டில் பாலம் வந்தால் லாரி நிற்காமல் போகும். ஊருக்கு ஏழு கிலோமீட்டர் சுற்று, அவ்வளவுதானே? 24ஆம் தேதி கருத்துக்கேட்புக் கூட்டத்தில் நீ எழுந்து பேசாதே.

ராயப்பன்


12.10.2024

அன்புத் தம்பிக்கு,

மாமா படுக்கையோடுதான் இருக்கிறார். தக்காளிக்கு வழி சொன்னாய். பிணத்துக்குச் சொல்லவில்லையே? ஊர்க் கல்லறைத் தோட்டம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். மீட்டர்கேஜ் போட்டபோது அப்பா இரண்டு ஏக்கர் விட்டுக்கொடுத்தது, சவம் வந்தால் எந்நேரமும் கேட்டைத் திறக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான். அகலப்பாதை ஆன பிறகும் அந்தக் கன்னடக்கார கேட்மேன் “தாரி பிடி, தாரி பிடி” என்று அவர் பாஷையில் வழிவிடச் சொல்லி வண்டிகளை ஒதுக்குவார், நீயே பார்த்திருக்கிறாய்.

பாகம் பிரித்தபோது அந்தக் காகிதம் உன் பீரோவுக்குப் போனது. கூட்டத்துக்குக் கொண்டு வா.

உன் அக்கா
ஆரோக்கியசெல்வி


ராயக்கோட்டை
18.10.2024

அக்கா,

காகிதம் இருக்கிறது. உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் காட்டினால் பாலம் பத்து வருஷம் தள்ளிப்போகும். அதற்குள் கோலார் மண்டிக்காரன் என் வியாபாரத்தை விழுங்கிவிடுவான். கூடையைத் தலையில் சுமந்து விற்று வந்தவன் நான். எனக்கு எவன் கேட் திறந்தான்?

யுத்த காலத்தில் இங்கே ஓடிய சின்ன ரயிலைத் தண்டவாளத்தோடு பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊர் செத்தா போச்சு? மாமாவுக்கு ஒன்று என்றால் நானே ஏசி வண்டி அனுப்புகிறேன். வீம்பு பிடிக்காதே.

ராயப்பன்


3.2.2025

ராயப்பனுக்கு,

பாலத்துக்கு ஒரு கல்கூட வைக்கும் முன்பே கேட்டை மூடிவிட்டார்கள். வெள்ளிக்கிழமை நீ அனுப்பிய வண்டியில்தான் மாமாவை ஏழு கிலோமீட்டர் சுற்றிக் கொண்டுபோனோம். தோள் கொடுக்க வந்தவர்கள் பைக்கில் பின்னால் வந்தார்கள். கல்லறையில் நீ என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

அக்டோபரில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அதிகாரி, “எழுத்துல ஏதாவது இருக்கா?” என்று கேட்டார். “அப்படி ஒண்ணும் இல்லீங்க” என்றாய். மூன்றாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். காகிதம் இருக்கிறது என்று நீ எழுதிய கடிதம் என் பையில் இருந்தது. பக்கத்து வீட்டு மாதேஸ்வரி என் கையை இடித்து, “எந்திரிச்சுப் பேசுக்கா” என்றாள். அத்தனை பேர் நடுவில் உன்னைப் பொய்யனாக்க எனக்கு மனசு வரவில்லை.

ஊரே உன்னைத் திட்டுகிறது. கேட்டை மூடியதில் நானும் சேர்த்தி என்று யாருக்கும் தெரியாது.

உன் கடிதத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அதை வீட்டில் வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்னால் நடமாட முடியவில்லை. பதில் எழுத வேண்டாம்.

ஆரோக்கியசெல்வி