உன் விண்ணப்பத்தில் நான் எழுதிய ஏழு குறைகள்

வயது ஐம்பத்தெட்டு, மணவாள நகர் வாசி, வக்கீல் குமாஸ்தா, இன்று மாலைவரை குமாஸ்தாக்கள் சங்கத்தின் செயலாளன் ஆகிய நான் சத்தியப் பிரமாணமாகச் சொல்லப்போகும் இந்தக் கதையை ஈரேழு பதினான்கு லோகத்திலும் ஒருவரும் நம்பப்போவதில்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன். நீ மட்டும் நம்பிவிடுவாய். என் பேச்சை நம்புவதுதானே உன் வியாதி.

இன்று காலை சங்க அறைக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்தது. பிரித்ததும் சூடு ஆறாத பிளாஸ்டிக் வாசனை முகத்தில் அடித்தது. உறுப்பினர்களுக்கான புது அடையாள அட்டைகள். ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் அடுக்கினேன். வாய்தாவுக்கும் வக்காலத்துக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவன் போன மாதம்தான் சேர்ந்தான். அவனுக்குக்கூட அட்டை இருந்தது, மாப்பிள்ளை மாதிரி போஸ் கொடுத்துக்கொண்டு. உன்னுடையது இல்லை. இருக்காது என்று எனக்குத் தெரியும். பட்டியலை அச்சகத்துக்கு அனுப்பியவனே நான்தான். தெரிந்தும் பெட்டியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் முதலில் அந்த வாசனைமேல் வந்தது.

பத்தொன்பது வருஷம் குமாஸ்தா வேலை பார்த்தவள் நீ கேட்டது ஒன்றே ஒன்று. சங்கப் பதிவேட்டில் உன் பெயர். அதற்குச் சாட்சியாகக் கழுத்தில் ஓர் அட்டை. மகுடம் கேட்டாயா, மந்திரிப் பதவி கேட்டாயா?

கும்மிடிப்பூண்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து கோர்ட்டு வாசலில் நீ நிற்பாய். காவலுக்குப் புதிதாக வந்தவர், "பார்ட்டியா, சாட்சியா?" என்று கேட்பார்.

"ரெண்டும் இல்ல சார், குமாஸ்தா."

"கார்டு எங்க?"

நான் பின்னாலிருந்து அரியணை விட்டு இறங்கிய அரசன்போல வருவேன். "இன்னா சார், ஆள் தெரியாம நிறுத்திக்கினு கீற? இவங்கதான் இந்தக் கோர்ட்டையே தாங்குற தூணு!" என்று முழங்குவேன். அவர் விடுவார். உள்ளே வந்ததும் நீ மெதுவாகக் கேட்பாய்: "தூணுன்னியே அண்ணாத்தே, தூணுக்கு இன்னாத்துக்கு தெனிக்கும் பர்மிஷனு?"

நகல் பிரிவிலும் அதே கதைதான். தீர்ப்பு நகலுக்கு மனுப்போட அட்டை எண் வேண்டும். உனக்கு எண் கிடையாது, எனவே என் பெயரில் போடுவாய். பதினோரு வருஷம் போட்டாய். அந்த ஏடுகளை எடுத்துப் பார்த்தால், நான் ஒரே நாளில் நான்கு கோர்ட்டில் ஐம்பது வழக்குக்கு ஓடிய மகாவீரன் என்று எதிர்காலத்தில் எனக்குச் சிலை வைப்பார்கள். ஓடிய கால்கள் உன்னுடையவை என்று எந்த ஏட்டிலும் இல்லை.

வேலை தெரியாதவளா நீ? பாட்டன் போட்ட வழக்குக்குப் பேரப்பிள்ளைகள் வாய்தாவுக்கு வந்து, காத்திருந்த இடத்திலேயே பழகி, எதிர்த்தரப்பில் பெண் எடுத்துச் சம்பந்தியாகிவிட்ட பழைய வழக்குக் கட்டும் உனக்குத் தெரியும். பதிவறையில் அதை மூக்கால் மோப்பம் பிடித்து எடுப்பாய். எனக்கு மறக்காதது அந்த உருக்காலைத் தொழிலாளியின் மனு. இயந்திரத்தில் இடது கட்டைவிரலைக் கொடுத்துவிட்டு, கையைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். நஷ்டஈட்டு மனுவில் வலது கட்டைவிரல் ரேகையை வைத்து, காரணமும் எழுதி, நீ உள்ளே கொடுத்தாய். மூன்றாம் நாள் திரும்பி வந்தது: "இடது பெருவிரல் ரேகை வைக்கப்படவில்லை. குறையை நீக்கிச் சமர்ப்பிக்கவும்."

நானாயிருந்தால் அங்கேயே ஒரு பிரசங்கம் செய்திருப்பேன். நீ அந்த மனிதரை நேரே கவுன்ட்டருக்கு அழைத்துப்போய்த் துண்டை அவிழ்க்கச் சொன்னாய். "சார், இதான் நீங்க சொன்ன குறை. எப்டி நீக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க." அன்று மாலையே மனுவை ஏற்று எண் கொடுத்துவிட்டார்கள்.

நம் தொழிலுக்கு வேதம் இதுதான். காகிதம் திரும்பி வந்தால் வாதாடக் கூடாது. எழுதியிருக்கிற குறை பைத்தியக்காரத்தனமாக இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதி, நீக்கி, மறுபடி கொடுக்க வேண்டும். உன் கைக்கு அது மூச்சு விடுவதுபோல. அது தெரிந்தும்தான் நான் அந்த வேலையைச் செய்தேன்.

சங்கம் என்றால் அப்போது எனக்குக் கிண்டல். சமோசா தின்று தீர்மானம் போடும் சபை என்பேன். நீதான் என்னைப் பிடித்து உள்ளே தள்ளினாய். "நீ வாயாலயே ஊரை வித்துருவ அண்ணாத்தே. உள்ள போ. கையெழுத்துப் போடற எடத்துல எனக்கு ஒரு ஆள் வேணும்." செயலாளர் தேர்தலில் நின்றேன். யானைமேல் ஊர்வலம் வந்து, சோழவரம் ஏரியே திரண்டு வாக்களித்த மாதிரி ஒரு வெற்றி! ஓட்டுரிமையே இல்லாத நீ, டைப்பிங் கடை, ஜெராக்ஸ் கடை, டீக்கடை என்று அலைந்து உறுப்பினர்களை ஒவ்வொருவனாகப் பிடித்து எனக்கு ஓட்டு வாங்கித் தந்தாய்.

பிறகு உன் வக்கீலின் கையெழுத்து. 'இவர் என்னிடம் பணிபுரிகிறார்' என்று வக்கீல் எழுதிக் கொடுத்தால்தான் சங்கத்தில் சேர முடியும். கேட்டபோதெல்லாம் அந்தப் பெரிய மனிதர் சொன்னது ஒன்றுதான்: "நீ எனக்குப் பொண்ணு மாதிரிம்மா. பொண்ணுக்கு எதுக்குக் கார்டு?" பொண்ணாம்! பெற்ற பெண்ணை எவனாவது வெயிலில் மூன்று கோர்ட்டுக்கு ஓடவிடுவானா? ஒருநாள் காலை விண்ணப்பத்தை வழக்குக் கட்டுகளுக்கு மேலே வைத்துவிட்டு மேசைமுன் நின்றாய். அவர் பேப்பர் படித்தார், ஃபோன் பேசினார், நாஷ்டா முடித்தார். நீ நகரவில்லை. எட்டு மணிநேரம் நின்றாய், உன் காலடியில் தரை குழிந்துவிட்டது. கடைசியில் பேனாவைக் கத்திபோல் உருவி இரண்டு பக்கத்திலும் கிறுக்கித் தள்ளினார்.

அதைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாய். உன் முகத்தில் அத்தனை வெளிச்சம். வாங்கி முத்திரை குத்தி, பதிவேட்டில் பெயரை எழுதினால் முடிந்தது. இரண்டு நிமிட வேலை. ஆனால் என் கை சும்மா இருக்குமா? கோர்ட்டில் திருப்புகிற மாதிரியே சிவப்பு மையில் ஒரு குறிப்பு எழுதினேன். ஒன்று, புகைப்படத்தில் சிரிப்பு அனுமதித்த அளவைத் தாண்டியுள்ளது. இரண்டு, விண்ணப்பதாரருக்குத் தலைவரைவிடச் சட்டம் அதிகம் தெரிகிறது, விளக்கம் தேவை. மூன்று, கும்மிடிப்பூண்டி பூலோகத்தில் இருப்பதற்கு ஆதாரம் இல்லை. நான்கு, காகிதத்தில் மீன்குழம்பு வாசனை வருகிறது, மாதிரி இணைக்கப்படவில்லை. ஐந்து, பக்க எண்கள் சந்தேகத்துக்கு இடமளிக்கும்படி ஒழுங்காக உள்ளன. ஆறு, செயலாளர் டீ குடிக்கவில்லை. ஏழு, வக்கீலின் கையெழுத்து இரு பக்கங்களில் இரு மாதிரி உள்ளது, புதிதாகப் பெற்றுச் சமர்ப்பிக்கவும். அவகாசம் பதினைந்து நாள்.

நீ உரக்கப் படித்தாய். சங்க அறையே சிரித்தது. ஏழாவதில் உன் குரல் இறங்கியது. பக்கத்தைப் புரட்டி இரண்டு கையெழுத்தையும் பார்த்தாய்.

"அண்ணாத்தே, ஏழாவது நெசமா?"

எந்த வக்கீலின் கையெழுத்து இரண்டு பக்கத்தில் ஒரே மாதிரி இருந்திருக்கிறது? அதைச் சொல்லி உன் காதைத் திருகியிருக்க வேண்டும். நானோ முகத்தை நீதிபதிபோல வைத்துக்கொண்டு, "ஆபீஸ் ஆபீஸுதாம்மா. குறைன்னா குறைதான்" என்றேன். மறுநாள் உனக்கு மாலை போட்டு, முத்திரை குத்தி, லட்டோடு கொடுப்பதாக என் திட்டம். நீ காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாய்.

மறுநாள் நீ வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. ஃபோன் செய்தேன். "ஜொரம் அண்ணாத்தே. திங்கக்கெழமை கையெழுத்து வாங்கிக்கினு வந்துர்றேன்" என்றாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். "அவகாசம் தாண்டுனா மனு தள்ளுபடி, ஜாக்கிரதை!" என்று அதற்கும் ஒரு வசனம் பேசினேன். நீ சிரித்தாய், நடுவில் இருமினாய்.

அந்தத் திங்கட்கிழமையை நீ பார்க்கவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உன் வீட்டுக்காரர் உன் பையோடு வந்தார். உருக்காலையில் இரவு வேலை முடித்து வந்த கண்கள். "சார், சனிக்கெழம அந்த ஜொரத்தோட பஸ் ஏறி வக்கீல் ஊட்டுக்குப் போனா சார். அவரு ஊர்லயே இல்ல. மழையில நனைஞ்சிக்கினு வந்தா. இது ஆபீஸ்ல குடுக்கணும்னு சொல்லிக்கினே இருந்தா." காகிதத்தை என் கையில் கொடுத்தார். என் சிவப்பு மைக்குக் கீழே உன் நீல மை. ஒன்று, சிரிக்காத படம் இணைக்கப்பட்டுள்ளது. இரண்டு, தலைவர் படித்துத் தெரிந்துகொள்ள அவகாசம் தரப்படுகிறது. மூன்று, பஸ் டிக்கெட் இணைக்கப்பட்டுள்ளது. நான்கு, மாதிரி நேரில் கொண்டுவரப்படும். ஐந்து, வேண்டுமானால் கலைத்துத் தருகிறேன். ஆறு, டீ குடிக்கப்பட்டது, செயலாளருக்கு மறதி. ஏழு, ஐயா வெளியூர், திங்கட்கிழமை பெறப்படும்.

ஆறுக்குக் கேலி செய்தவள் ஏழாவதை மட்டும் நம்பியிருக்கிறாய். உன்மேலும் எனக்குக் கோபம்தான். பத்தொன்பது வருஷம் பழகியும் என் முழியைப் பார்த்துப் பொய் கண்டுபிடிக்கத் தெரியவில்லையே உனக்கு!

அன்றே சங்கத் தலைவரிடம் போனேன். உறுப்பினர் இறந்தால் இரண்டு நிமிடம் மௌனம், சங்க அறையில் படம் என்பது நம் வழக்கம். "அந்தம்மா மெம்பர் இல்லியேய்யா. மனு பெண்டிங்ல கீது, ஆளு பூட்டா. கேஸ் அபேட் ஆயிட்ச்சி" என்றார். வழக்காடுபவர் செத்தால் வழக்கும் சாகும், அதைச் சொல்கிறாராம். மனு ஏன் நிலுவையில் நின்றது என்று நான் சொல்லவில்லை. உன் பெயர் இல்லாத பட்டியலை நானே அச்சுக்கு அனுப்பினேன்.

இன்று மாலை அட்டை வழங்கும் கூட்டம். உன் வக்கீல் சிறப்பு விருந்தினர். மைக்கைப் பிடித்து, "பெற்ற பெண்ணைப்போல என்னிடம் இருந்தவரை இழந்தேன்" என்று கண்ணைத் துடைத்தார். என் பொறுமை அங்கேயே அறுந்தது. மைக்கை வாங்கினேன்.

"ஒரு விண்ணப்பம் பாக்கி கீது."

"யோவ், அதான் அபேட்டுன்னு சொன்னேன்ல?" என்றார் தலைவர். "கார்டக் குடுத்து அனுப்புய்யா, ஊட்டுக்குப் போணும்."

"ஒழுங்கா வந்த மனுவ ஒருத்தன் வேணும்னே திருப்பியிருந்தா?"

"எவன் திருப்பினான்?"

"நான்தான்."

உன் காகிதத்தை முழுக்கப் படித்தேன். முதல் ஆறு குறைக்கும் கூட்டம் குலுங்கியது. ஏழாவதைப் படித்து, உன் பதிலையும் படித்து முடித்ததும் பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான்: "அண்ணே, என் மனுவ மூணு தபா திருப்பினியே, அதுவும் தமாசுதானா?" அவனை அடிக்கவேண்டும்போல இருந்தது. அவன் கேட்டதில் தப்பில்லை என்பதால் இன்னும் அதிகமாக.

வக்கீலிடம் காகிதத்தை நீட்டினேன். "ஐயா, ரெண்டும் உங்க கையெழுத்துதானே?" அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "ஆமா, என்னுதுதான்" என்றார். உன் முழு வழக்கும் அந்த இரண்டு வார்த்தையில் முடிகிற வழக்கு.

தலைவர் இரண்டு தீர்மானம் சொன்னார். நீ முதலில் கொடுத்த செவ்வாய்க்கிழமையிலிருந்தே உறுப்பினர் என்பது ஒன்று. செயலாளரை நீக்குவது இன்னொன்று. இரண்டுமே கைதட்டலோடு நிறைவேறின. இரண்டாவதற்குச் சத்தம் அதிகம். செயலாளனாக என் கடைசிக் காரியம், பதிவேட்டில் உன் பெயரை எழுதியது. அட்டை அடிக்க விதியில் இடமில்லையாம். மௌனம் மட்டும் அனுசரித்தோம். இரண்டு நிமிடம் நான் வாயை மூடி நின்றதை நீ பார்த்திருந்தால் அதைத்தான் நம்பியிருக்க மாட்டாய்.

பதவி போனதில் வருத்தமில்லை. அட்டை மறுத்தவர்கள்மேல் உள்ள கோபம் போகவில்லை, என்மேல் உள்ளது அதைவிடப் பெரிது. இரண்டையும் தூக்கிக்கொண்டு மணவாள நகர் வரை நடந்தே வந்தேன். நாளையும் அதோடுதான் கோர்ட்டுக்குப் போவேன்.

யானை வரவில்லை. ஏரி ஓட்டுப் போடவில்லை. நீ எட்டு மணிநேரம் நிற்கவில்லை, தரையும் குழியவில்லை. மற்றதிலும் எது என் கைச்சரக்கு என்று நீயே கழித்துக்கொள். ஒரு சின்ன விஷயம் மட்டும் உண்மை. அந்தச் செவ்வாய்க்கிழமை பேனாவைத் திறப்பதற்கு முன் உன் விண்ணப்பத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்துப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.