உன் அம்மாதான் என் முதல் மாடல்

என் வாயாடி தர்ஷினிக்கு,

நான் தொடங்கிவிட்டேன். கிள்ளானில் எங்கள் பிளாட் ஹால்தான் ஸ்டூடியோ. சோபாவை ஓரமாகத் தள்ளினால் ஒரு நாற்காலிக்கும், ஒரு ஃபிளாஷ் விளக்குக்கும், வெளிச்சத்தை மென்மையாக்க அதன் முன்னால் விரிக்கும் வெள்ளைக் குடைக்கும் இடம் இருக்கிறது. கேமரா பழையதுதான். பிரிக்பீல்ட்ஸ் புடவைக் கடையில் வேலை பார்த்து வாங்கினேன்.

நான் பாரம் மூன்றோடு, ஒன்பதாம் வகுப்போடு, பள்ளியை விட்டபோது, "அதனால என்ன லா, நீ போட்டோகிராபர், நான் மாடல்" என்று சொன்னவள் நீ. கடையில் ஐஸ் போட்ட டீ, ஒரு தே ஐஸ் கேட்பதற்குக்கூட எனக்காக நீதானே பேசுவாய்? டெங்கிக் காய்ச்சலில் நீ போன பிறகு நான் யாரை உட்கார வைப்பேன்? உட்கார்ந்தாலும் அவர்களிடம் என்ன பேசுவேன்?

அதனால் ஸ்டூல் மேல் ஒரு பூசணிக்காயை வைத்துப் பழகினேன். விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் அதன் வரிகள் எழுந்து நின்றன. குடையைக் கிட்டே கொண்டுவந்தால் நிழலின் ஓரம் கரைந்தது. அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னடி, பூசணிக்காய்க்கு மாப்பிள்ளை தேடுறியா?" என்றார். அதனோடு பேச வேண்டியதில்லை, அதுதான் வசதி.

போன ஞாயிறு உன் அம்மா வந்தார். உன் காரியம் முடிந்ததிலிருந்து யார் போனை நீட்டினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர், அன்று நாற்காலியைத் தொட்டுப் பார்த்தார்.

"அவ உக்கார வேண்டிய எடம். நான் உக்காரட்டுமா?"

தலையை மட்டும் ஆட்டினேன். உட்காரப் போனவர், பின்னால் நான் தொங்கவிட்டிருந்த கறுப்புத் துணியைப் பார்த்துவிட்டார்.

"கறுப்பு வேணாம்மா. இந்த வருஷம் பட்டது போதும்."

பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை போய்விட்டார். நீ இருந்தால் ஏதாவது கேலி பேசி நிறுத்தியிருப்பாய். எனக்கு வெளிச்சத்தைப் பற்றித்தான் தெரியும். அதையே பேசினேன்.

"ஆன்டி, போவாதீங்க. துணிய எடுத்துடறேன். நாற்காலிய சுவத்துலேர்ந்து தள்ளிப் போட்டு, லைட்ட உங்க மொகத்துக்குக் கிட்ட வைக்கிறேன். சுவத்துக்கு வெளிச்சம் எட்டாது, அது தானா மங்கிடும். உங்க மொகம் மட்டும்தான் தெரியும்."

ஆன்டி திரும்பினார். "இவ்ளோ பேசுவியா நீ?"

"உக்காருங்க. தோள கொஞ்சம் இந்தப் பக்கம். தாடைய எறக்குங்க. என்னையப் பாருங்க."

பார்த்தார். எடுத்தேன்.

வெள்ளைச் சுவர் நான் சொன்னபடியே மங்கியிருந்தது. ஒரு கன்னத்தில் வெளிச்சம், மறு கன்னத்தில் மெல்லிய நிழல். உன் அதே கன்னம், தர்ஷினி. கேமராவின் சின்னத் திரையை ஆன்டி நெடுநேரம் பார்த்தார்.

"நல்லா எடுக்கிற. ஆனா சிரிக்கவே இல்லையே நான். இன்னொண்ணு எடு."

இரண்டாவதிலும் சிரிப்பு முழுதாக வரவில்லை. இந்த ஞாயிறும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்தச் சிரிப்பு முழுதாக வரும்வரை எடுப்பேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

உன் தோழி, என்னையும் மகளாக நினைக்கும் ஆன்டி கணக்கில் உன் தங்கை,
மோனிஷா