மூன்றாவது பின்

2 மார்ச் 2025, ஞாயிறு

கூரியரில் டாக் (DAC) வந்துவிட்டது, கம்ப்யூட்டரில் இருக்கும் பாட்டைச் சுத்தமான ஒலியாக மாற்றித் தருகிற கருவி. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய பெட்டி. ஒரு முனை கம்ப்யூட்டரில், மறுமுனை ஆம்ப்ளிஃபயரில். கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் மட்டமான சவுண்டு கார்டு செய்கிற வேலையை இது தனியாக, ஒழுங்காகச் செய்கிறது. பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறவள் நான். இத்தனை வருடம் இது இல்லாமல் கேட்டதற்கு வெட்கப்பட வேண்டும்.

நாதஸ்வரக் கச்சேரி ஒன்று போட்டேன். வித்வான் மூச்சை இழுப்பது கூடக் கேட்கிறது. வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "முன்னயும் இதே பாட்டுதான பாடுச்சு?" என்றார். உரக்கடைக்காரரைக் கட்டிக்கொண்டால் இதுதான்.

4 மார்ச்

ஸ்பீக்கர் இரண்டையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, ஸ்டூல் மேல் ஏற்றி, அடியில் துண்டை மடித்து வைத்தேன். கீழ்ஸ்தாயியில் இருந்த குழப்பம் போய்விட்டது. "வூட்டுல ஆளு நடக்க வழி வுடுவியா, சுகுணா?" என்றார். ஓரமாக நடக்கலாம்.

8 மார்ச், சனி

உறுமல். பாட்டு நிற்கிற இடத்தில் எல்லாம் 'ம்ம்ம்' என்று ஒன்று. டாக் வந்தபிறகுதான் காதில் விழுகிறது. முன்பு மற்ற இரைச்சலில் மறைந்திருக்க வேண்டும்.

இந்த வீட்டுக்கு ஒயரிங் செய்த முதசிருக்குப் போன் போட்டேன். "ரெண்டு நாள் பொறுங்க டீச்சர், நானே வந்து பாக்கறேன். அதுவரைக்கும் எதுலயும் கை வைக்காதீங்க" என்றான்.

எங்கே பொறுத்தேன்! இணையத்தில் ஒருவன் எழுதியிருந்தான் — எர்த், அதாவது கசிகிற கரண்டைத் தரைக்குக் கொண்டுபோகிற இணைப்பு, துண்டானால் உறுமல் போகும் என்று. கம்ப்யூட்டர் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த மூன்றாவது பின்னை, எர்த் பின்னை, ஆக்ஸா பிளேடால் அறுத்தேன். செருகினேன். உறுமல் சுத்தமாகப் போய்விட்டது. முதசிரைக் கூப்பிட்டு, "உறுமல் தானா நின்னுடுச்சு, வர வேணாம்" என்றேன். தானாக!

13 மார்ச், வியாழன்

அவர் குளித்துவிட்டு ஈரக்காலோடு வந்து, கீழே விழுந்த சார்ஜரை எடுக்கக் குனிந்தவர் கம்ப்யூட்டர் பெட்டியில் கையை ஊன்றினார். சுரீர் என்று கரண்ட் இழுத்திருக்கிறது. துள்ளி, ஸ்டூலில் இடித்து விழுந்தார். வலது மணிக்கட்டு எலும்பு முறிவு. தர்மபுரியில் மாவுக்கட்டு, ஆறு வாரம்.

உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் — வேண்டாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் நான் செய்த முதல் வேலை, அறுத்த ஒயரைக் கழற்றி பீரோவில் சேலைக்கு அடியில் வைத்தது. பிரிண்டர் ஒயரைக் கம்ப்யூட்டருக்கு மாட்டிவிட்டேன். அவருக்குக் காப்பி கொடுத்தது அதற்குப் பிறகுதான். எழுதி வைக்கிறேன், மறக்கக் கூடாது.

15 மார்ச், சனி

அவர் முதசிரை வரவழைத்து வாசலில் நிற்க வைத்துத் திட்டினார். "ஒயரிங்காடா செஞ்சிருக்க? ஆளைக் கொல்லப் பாத்தியே!" முதசிர் உள்ளே வந்து டெஸ்டரை வைத்து ஒவ்வொரு சாக்கெட்டாகப் பார்த்தான். "எர்த் எல்லாம் சரியா இருக்குதுங்க, அண்ணா" என்றான். அதற்கும் திட்டு.

அவர் உள்ளே போனதும் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுப் பார்த்தான். உறுமல் திரும்பி வந்திருந்தது. "தானா நின்னுடுச்சுன்னு சொன்னீங்களே டீச்சர்" என்றான் மெதுவாக. கம்ப்யூட்டரில் மாற்றியிருந்த ஒயரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அவனுக்குத் தெரிந்துவிட்டது.

16 மார்ச்

அவரிடம் சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.

19 மார்ச், புதன்

உரம் வாங்க வருகிற ஒவ்வொருவரிடமும் மாவுக்கட்டைக் காட்டி, "முதசிர் செஞ்ச வேலை" என்கிறாராம். கொழுந்தனார் பிரபாகர் போன் செய்தார். பாப்பாரப்பட்டியில் அவர் கட்டுகிற வீட்டுக்கு முதசிர்தான் ஒயரிங் என்று பேசியிருந்தது. இப்போது வேறு ஆளாம். "திங்கக்கிழமை தளம் போடறோம் அண்ணி. ஞாயித்துக்கிழமை புது ஆளு பைப் போட்டுடுவாரு."

தளத்துக் கம்பிக்கு நடுவே ஒயர் போகிற பைப் போட்டு, மேலே கான்கிரீட் ஊற்றிவிட்டால் முடிந்தது. அதற்குப் பிறகு நான் வாய் திறந்து என்ன பிரயோசனம்? இன்னும் நாலு நாள். ஒரு வீட்டு வேலை என்பது அவனுக்கு மூன்று மாதச் சாப்பாடு. ஊரெல்லாம் கெட்ட பேர் வேறு. நானா இப்படி? சீ.

20 மார்ச்

பாட்டு போடவில்லை.

22 மார்ச், சனி

அவரிடம் தனியாகச் சொன்னால் 'மூடி வை' என்பார். தெரியும். அதனால் சொல்லவில்லை. வீட்டு வேலையைப் பார்க்க என்று இருவரும் பஸ்ஸில் பாப்பாரப்பட்டி போனோம். தளத்துக்கு அடியில் முட்டு கொடுத்து, கம்பி கட்டி முடித்திருந்தார்கள். பிரபாகர், அவர் மாமனார் வீட்டார், மேஸ்திரி எல்லாரும் இருந்தார்கள். கைப்பையிலிருந்து ஒயரை எடுத்துக் காட்டினேன்.

"இந்தப் பின்னை அறுத்தது நான். சவுண்டு நல்லா வரணும்னு அறுத்தேன். முதசிர் மேல ஒரு தப்பும் இல்ல. வேலையை அவனுக்கே கொடுங்க."

பிரபாகரின் மாமனார் சிரித்தார்: "கம்ப்யூட்டர் டீச்சரே இப்படியா! மாப்ள, ஊருக்கெல்லாம் வேற மாதிரி சொல்லிட்டிருந்தீங்களே?" என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போயிற்று. திரும்பும்போது பஸ்ஸில் வேறு சீட்டில் உட்கார்ந்தார்.

23 மார்ச், ஞாயிறு

பிரபாகர் முதசிரைக் கூப்பிட்டுவிட்டார். பைப் போட்டாயிற்றாம்.

26 மார்ச்

முதசிர் வந்தான். நான் மன்னிப்புக் கேட்டு முடிப்பதற்குள், கம்ப்யூட்டர் பிளக்கையும் ஆம்ப்ளிஃபயர் பிளக்கையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் செருகினான். மூன்று பின்னோடு, இரண்டுக்கும் எர்த் ஒரே இடத்தில். உறுமல் இல்லை. இவ்வளவுதானா!

"அன்னிக்கே ஏன் சொல்லல, முதசிர்?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தனுங்க. சனிக்கிழமை தாண்டியிருந்தா, பைப் போடறதுக்கு முன்னாடி நானே சொல்லியிருப்பேன்."

காசு வாங்கவில்லை. உட்காரவும் இல்லை.

2 ஏப்ரல், புதன்

ஸ்பீக்கர் இவ்வளவு சுத்தமாக ஒருநாளும் பாடியதில்லை. வீட்டில் மனிதச் சத்தம்தான் இல்லை. கட்டு போட்ட நாளிலிருந்து நான்தான் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். பாப்பாரப்பட்டி போய்வந்ததிலிருந்து இடது கையில் ஸ்பூன் பிடித்து, பாதியைச் சிந்திக்கொண்டு தானே சாப்பிடுகிறார். நானும் வீம்புக்கு வீணைக் கச்சேரியைச் சத்தமாக வைத்திருந்தேன்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் ஸ்பீக்கருக்கும் எனக்கும் நடுவில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"சவுண்டைக் கம்மி பண்ணு. வர்ற வழியில முதசிரைப் பாத்துப் பேசிட்டுதான் வரேன்."

பதினோரு நாளுக்குப் பிறகு முதல் பேச்சு. கம்மி பண்ணவில்லை, நிறுத்தியே விட்டேன்.