நீ சொன்ன நாளில் சரியாத மலை

இன்று காலை ஆய்வுகூடத்தின் கதவைத் திறந்ததும் மண் காயும் வாசனை வந்தது. புதிதாகச் சேர்ந்த மாணவி ஒருத்தி தகரக் கிண்ணங்களில் மண்ணை நிரப்பி, உலர்த்தும் அடுப்பைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். தேயிலை மலை மண் காயும்போது அதற்கென்று ஒரு வாசனை உண்டு. வேர் கருகுவதும் நனைந்த சாக்கு உலர்வதும் கலந்தாற்போல இருக்கும். நானே எத்தனையோ முறை அந்த அடுப்பில் மண் வைத்திருக்கிறேன். வேலை நடுவே அது மூக்கில் ஏறுவதில்லை. இன்று எதிர்பாராமல் வந்ததால், தோளில் கிடந்த பையை இறக்கிவைக்கவும் தோன்றாமல் வாசலிலேயே நின்றுவிட்டேன். இந்த வாசனையோடுதான் நீ எப்போதும் பஸ்ஸைவிட்டு இறங்குவாய். உன் பையில் துணியைவிட மண்தான் அதிகம் இருக்கும்.

நாம் இரண்டு பேரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டது நினைவிருக்கிறது. குடிசார் பொறியியல் துறையின் நீண்ட நடைபாதையில் என்னை நிறுத்தி, பெயரைக்கூடக் கேட்காமல், "எந்தத் தோட்டம்?" என்றாய். ராகலைப் பக்கம் என்றேன். "நான் தலவாக்கலை. லயத்துல பொறந்து இங்க கலாநிதிப் பட்டத்துக்கு வந்து நிக்கிறது நாம ரெண்டு பேருதான். சண்ட போட்டுக்கக் கூடாது சரியா" என்றாய். பிறகு எத்தனையோ சண்டை போட்டோம். பெரும்பாலும் சுடுதண்ணீர்க் கேத்தலுக்காக.

நான் தோட்டங்களில், மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்து விழும் பீலித் தண்ணீரின் சுத்தத்தை அளந்துகொண்டிருந்தேன். நீ மலையை எடுத்தாய். அதுவும் நீ பிறந்த லயத்துக்கு, அந்த வரிசை வீடுகளுக்கு, மேலே நிற்கும் அதே மலையை. நம் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. சொந்த வீட்டுக்கு மேலே இருக்கும் சரிவை ஆராய்ந்தால் பார்வை கோணிவிடும் என்றார். "அங்க எந்தெந்த எடத்துல தண்ணி கசியும்னு எனக்கு இப்பவே தெரியும் சேர். வேற மலைன்னா அதப் படிக்கவே ரெண்டு வருஷம் போயிரும்" என்று சொல்லிவிட்டு வந்தாய். அதற்கு மேல் அவர் மறுக்கவில்லை.

ஒரு முறை உன்னோடு அங்கே ஏறினேன். தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீ இறக்கியிருந்த பிளாஸ்டிக் குழாய்களை ஒவ்வொன்றாகக் காட்டினாய். குழாய்க்குள் அளவுநாடாவை விடுவாய். அதன் நுனி நிலத்தடி நீரைத் தொட்டதும் குருவிபோல ஒரு சத்தம் எழும்பும். எந்த ஆழத்தில் சத்தம் வருகிறதோ அதுவரை தண்ணீர் ஏறியிருக்கிறது என்று பொருள். பிறகு தூர்ந்துபோன கான்களைக் காட்டினாய். மழைத்தண்ணீர் வழிந்தோட மலைக்குக் குறுக்கே வெட்டிவைத்த அந்தக் கால்வாய்களில் பன்னச் செடி ஆள் உயரம் வளர்ந்திருந்தது. சுத்தம் பண்ண ஆள் போடுவதை நிறுத்திப் பல வருடம் என்றாய். "ஓடிப்போக வழி விடலேன்னா தண்ணி மலைக்குள்ளதான் எறங்கும். எறங்கி எறங்கி ஒரு நா மலையையே தூக்கிக்கிட்டு வந்துரும்." கீழே லயத்துக் கூரைகளில் புகை படிந்திருந்தது. உன் அம்மா வாசல் இஸ்தோப்பில் நின்று, சாப்பிட வரச்சொல்லி நம்மைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

அடுத்து வந்த மழைக்காலத்தில் எல்லாக் குழாய்களிலும் தண்ணீர் ஏறியது. நீ கிராம சேவகரிடம் போனாய், தோட்டத்தை நடத்தும் துரையிடம் போனாய், சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறிமாறிச் சொன்னாய். கடைசியில் லயத்துச் சனம் முழுவதும் மூட்டை முடிச்சோடு தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. ஈரத் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். அத்தனை பேருக்கும் சேர்த்து ஒரேயொரு கழிப்பறை. அப்படியே சில நாள்கள் கிடந்தார்கள். பிறகு மழை விட்டது. வெயில் அடித்தது. மலை அசையவில்லை.

திரும்பிப் போனபோது வேலை நாள்கள் போயிருந்தன. சமைத்து வைத்திருந்ததை நாய் இழுத்துப் போயிருந்தது. ஒரு வீட்டில் கறக்க ஆளில்லாமல் மாட்டுக்கு மடி கட்டிக்கொண்டது. அந்த மாடு பிறகு தேறவேயில்லை. அதன் சொந்தக்காரப் பெண் பீலியடியில் உன்னைப் பார்த்த போதெல்லாம் குடத்தை ஓசைப்பட வைத்துவிட்டுத் திரும்பிக்கொள்வாளாம். மற்றவர்கள் உனக்குப் பெயரே வைத்துவிட்டார்கள். "ஜோசியக்காரி, இன்னைக்கு மலை வருமா, நாளைக்கு வருமா?" பெரட்டுக் களத்தில் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கப் போகும் உன் அம்மாவிடமும் அதையே கேட்டிருக்கிறார்கள். "எம் புள்ள படிச்சதச் சொல்லுச்சு. மலை படிக்கல, என்னா செய்றது" என்றாராம் அம்மா. ஊரிலிருந்து நாம் திரும்பும் பஸ்ஸில் அதைச் சொல்லும்போது நீ சிரித்தாய். சிரித்து முடித்துவிட்டு பஸ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஹட்டன் வரும்வரை நீ பேசவில்லை. இறங்கும்போது சொன்னாய்: "எச்சரிக்க பொய்யாப் போறதுக்குக் கணக்கு இருக்கு டீ. அத எழுதிரலாம். அந்த அக்கா மொகத்த என்னா பண்றது? அடுத்த தடவ கண்ணால பாத்து நிச்சயம் பண்ணாம வாயத் தொறக்க மாட்டேன்."

அந்த அடுத்த தடவை வந்தது. பல நாளாக விடாத மழை. நீ ஊருக்குப் போயிருந்தாய். நான் இங்கே ஆய்வுகூடத்தில் போத்தல்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது காலையில் ஃபோன் எடுத்தாய். தகரக் கூரையில் மழை கொட்டும் சத்தத்துக்கு மேலே உன் குரல் வந்தது.

"தண்ணி ஏறியிருக்கு. ஆனா போன தடவையும் ஏறிச்சே. மேல இருக்க கடைசிக் குழாயப் பாத்துட்டு வந்து சொல்லப் போறேன்."

"இந்த மழையில ஏறாத டீ. இப்பவே எல்லாருக்கும் சொல்லிரு."

"சொன்னா வர மாட்டாங்க. பாத்துட்டு வந்தேன்னு சொன்னாத்தான் வருவாங்க. வைக்கிறேன்."

சற்று நேரத்தில் உன்னிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. 'நாடா எறங்க மாட்டேங்குது' என்று மட்டும் இருந்தது. எனக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. நாடா பாதியில் முட்டி நிற்கிறதென்றால் உள்ளே குழாய் நெரிந்துவிட்டது. குழாய் நெரிந்ததென்றால் மண் நகரத் தொடங்கிவிட்டது. உடனே உன்னை அழைத்தேன். உன் இலக்கம் பிஸியாக இருந்தது. திரும்பத் திரும்ப அழைத்தேன். பிஸியாகவே இருந்தது.

அந்த நேரத்தில் நீ யாரோடு பேசினாய் என்று பிறகுதான் தெரிந்தது. அம்மாமார் கொழுந்து பறிக்கப் போனதும் கைக்குழந்தைகளை வைத்துப் பார்க்கிற பிள்ளைக் காம்பரா அக்காவைத்தான் கூப்பிட்டிருக்கிறாய். அவர் எனக்கு இதைச் சொன்னபோது மடியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

"'அக்கா, புள்ளைங்களத் தூக்கிக்கிட்டு கோயில் பக்கம் ஓடுங்க. நான் இந்தத் தடவ ஜோசியம் சொல்லல. கண்ணால பாக்குறேன்'னுச்சு. நா ஒண்ணும் கேக்கலம்மா. கத்துனேன். வீட்ல இருந்த எல்லாரும் ஆளுக்கொரு புள்ளயத் தூக்கிக்கிட்டு ஓடிட்டோம்."

நீ நின்ற இடத்திலிருந்து பக்கவாட்டில் கல்லு மேட்டுப் பக்கம் போயிருந்தால் தப்பியிருப்பாய் என்று பிறகு வந்து பார்த்த எல்லோரும் சொன்னார்கள். நானும் பார்த்தேன். உண்மைதான். உனக்கு அது யாரையும்விட நன்றாகத் தெரியும். ஆனால் நீ லயத்தை நோக்கி நேராகக் கீழே இறங்கினாய். லயத்தின் கடைசி அறையான தொங்கல் காம்பராவில் நடக்க முடியாத பெரியவர் ஒருவரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்களிடம் ஃபோன் இல்லை. நீ கூப்பிட்டுக்கொண்டே ஓடிவந்ததைக் கோயிலடியில் நின்றவர்கள் கேட்டிருக்கிறார்கள். பிறகு கேட்டது மலையின் சத்தம்.

உன் அம்மா எதிர்மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். அங்கிருந்து எல்லாம் தெரியும். மலை வாய் பிளந்ததும், பச்சையாக இருந்த இடம் சிவப்பானதும், லயம் இல்லாமல் போனதும் தெரிந்திருக்கிறது. அந்தச் சரிவில் நீ இருந்தது மட்டும் அப்போது அவருக்குத் தெரியாது. பிள்ளைகள் தப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு முதலில் சாமி கும்பிட்டிருக்கிறார்.

மறுநாள் உன்னை எடுத்தார்கள். பெரியவரையும் மனைவியையும் அதற்குப் பிறகு. வழியெல்லாம் அடைபட்டிருந்ததால் நான் ரயில் பாதை ஓரமாகவே நடந்து வந்து சேர்ந்தேன். மாட்டுக்காரப் பெண் உன் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவள் அழவில்லை. உன் விரல் நகத்திலிருந்த மண்ணை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே இருந்தாள். யாரோ போதும் என்றார்கள். அவள் கேட்கவில்லை.

பிறகு அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் வந்தார்கள், படம் எடுத்தார்கள், காணி தருவோம் என்றார்கள். உன் சனங்கள் இன்னமும் தகரக் கொட்டகையில்தான் இருக்கிறார்கள். கொட்டகைக்குப் பின்னாலும் ஒரு சரிவு இருக்கிறது. முதல் தடவை போனபோது உன் அம்மா எனக்குப் பாலில்லாத பிளேன்டி ஊற்றித் தந்துவிட்டுக் கேட்டார்: "அவ படிப்பு அப்புடியே நின்னுபோச்சா மக?" ஊரிலிருந்து திரும்பியதும் பேராசிரியரிடம் போய், பீலித் தண்ணீரை விட்டுவிட்டு உன் மலையை எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். அவர் அலுமாரியைத் திறந்து, நீ சேர்த்து வைத்த அளவுகள் எல்லாவற்றையும் தந்தார். நான் எழுதியதில் உன்னுடையது எது, என்னுடையது எது என்று பிரித்துப் பிரித்துக் குறித்திருக்கிறேன்.

வாய்மொழிப் பரீட்சையில் ஒரு பரீட்சகர் கேட்டார்: வெளியேறச் சொல்வதற்கு இவ்வளவு தாழ்ந்த நீர்மட்டத்தை எல்லையாக வைத்தால் மக்களை அடிக்கடி வீணாகக் கிளப்ப வேண்டி வருமே, அப்புறம் யார் நம்புவார்கள்? நியாயமான கேள்வி. நம்பிக்கை எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும் என்றேன். அதனால்தான் கடைசி அத்தியாயத்தில் போன நாள்களுக்குச் சம்பளம் யார் தருவது, கழிப்பறை எத்தனை வேண்டும், மாட்டை யார் கறப்பது என்றெல்லாம் எழுதியிருக்கிறேன் என்றேன். இதுவும் பொறியியலா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பட்டம் கிடைத்தது. அன்று யாரோடும் சாப்பிடப் போகவில்லை.

இந்த மழைக்கு எங்கள் ராகலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் நான் போய்ச் சொல்லி சனத்தை வெளியேற்றினேன். மலை அசையவில்லை. அவர்கள் திரும்பிப் போகும்போது பாதையோரம் நின்றேன். தோளில் மூட்டையோடு வந்த ஒருவர் என் முன்னால் நின்றார்.

"மலை எங்கயும் போகலையே, மிஸ்?"

"போகலைங்க."

"அப்பறம் எதுக்கு எங்கள இப்புடி அலைய வச்சீங்க?"

அந்த ஒரு கணம், சரிந்திருக்கக் கூடாதா என்று என் மனம் நினைத்துவிட்டது. ஆளில்லாத லயத்தின் மேல்தானே விழுந்திருக்கும், என்னை நம்பியிருப்பார்களே என்று. உனக்கும் அன்று இதே நினைப்பு வந்திருக்கும். அன்று ஹட்டன் வரும்வரை நீ ஏன் வாய் திறக்கவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பவற்றில் அதுவும் ஒன்று. குழாய்களையும் அளவுகளையும்விட அது கனமாக இருக்கிறது.

"அடுத்த மழைக்கும் வந்து சொல்லுவேங்க" என்றேன்.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். மூட்டையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டு, ஏதோ முணுமுணுத்தபடி, பெண்டாட்டி பிள்ளைகளை முன்னால் விட்டு லயத்துக்கு இறங்கிப் போனார்.