மாமா கடைக்குப் போகிறார்

ஆகஸ்ட் 4, 2025 – திங்கள்

ஆடி மாதம். கல்யாணக் கூட்டம் இல்லை, கடையில் ஈ ஓட்டுகிறோம். நாளைக்கு லீவு கேட்டேன். எதற்கு என்று முதலாளி கேட்கவில்லை. இந்த ஃபேன்சி ஸ்டோர் காயத்ரியின் வீட்டுக்காரர் கடலூர் ஜெயிலில் இருப்பது சிதம்பரத்தில் யாருக்குத்தான் தெரியாது? வேன் மோதி ஒருவர் செத்துப்போனார், ஓட்டியது இவர். இரண்டு வருடத் தண்டனை. அப்பீலும் போன மாதம் தள்ளுபடி ஆகிவிட்டது.

நாளைக்குத்தான் முதல் மனு. ஜெயிலில் போய்ப் பார்ப்பதை அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகஸ்ட் 5

கம்பி வலைக்கு இந்தப் பக்கம் ஒரு கூட்டம், அந்தப் பக்கம் ஒரு கூட்டம். எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிறோம். சந்தைக்கடை தோற்றது. "நல்லாருக்கேன்" என்று வாயசைத்தார். அவ்வளவுதான் புரிந்தது.

கொண்டுபோன முறுக்கை உள்ளே விடவில்லை. வரிசையில் பின்னால் நின்ற தேவனாம்பட்டினத்து சௌந்தரம் அக்கா சிரித்தார். அவர் தம்பியும் அதே பிளாக்கில்தான். "இத யாரும்மா உள்ள உடுவாங்க? உள்ளாரயே கேண்டீன் இருக்குது. அவுரு பேர்ல காச கட்டிட்டுப் போ, போதும்."

கட்டினேன். அவருக்குச் சர்க்கரை வியாதி. ராத்திரிச் சாப்பாட்டைப் பொழுது சாயும் முன்பே கொடுத்துப் பூட்டிவிடுவார்களாம். மாத்திரை போட்ட உடம்பு, கடிக்கப் பக்கத்தில் ஏதாவது இல்லையென்றால் வியர்த்துக் கொட்டும், கை நடுங்கும். பணம் கட்டின பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆகஸ்ட் 13

கடலூரில் மழையாம். கேண்டீனில் வாங்கின பிஸ்கட்டை நமுத்துப்போகாமல் வைத்துக்கொள்ளத் தெரியுமா இந்த மனிதருக்கு?

ஆகஸ்ட் 19 – செவ்வாய்

மனு. கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. "கேண்டீன்ல வாங்குனீங்களா மாமா?" தலையாட்டினார். "பிஸ்கட்டு?" அதற்கும் தலையாட்டினார். அப்புறம் ஏன் இப்படி இளைக்கிறார்?

ஆகஸ்ட் 27 – புதன்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டை செய்யவில்லை. சாயங்காலம் சௌந்தரம் அக்காவிடமிருந்து போன். "பயப்படாத. உன் வூட்டுக்காரரு நேத்து ராத்திரி மயங்கி உழுந்துட்டாராம். தம்பி போன் பண்ணப்ப சொன்னான். அங்கயே ஆஸ்பத்திரில வெச்சிருக்காங்க. இப்ப எழுந்து உக்காந்துட்டாராம்."

காசு கட்டினேனே. கட்டினேனே! எங்க போச்சு அது? யாரு தின்னா?

ஆகஸ்ட் 29 – வெள்ளி

மனுவுக்கு ஓடினேன்; இன்றைக்குக் கூட்டம் குறைவு, பேசுவது காதில் விழுந்தது. காசு எங்கேயும் போகவில்லை. அப்படியே கணக்கில் கிடக்கிறது.

"எனக்கேது காசு?" என்கிறார்.

"மொத நாளே கட்டுனேன் மாமா."

"சொல்லவே இல்லியே."

"வாங்குனீங்களான்னு கேட்டப்ப தலைய ஆட்டுனீங்களே!"

"ஒரே சத்தம், ஒண்ணும் கேக்கல. அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்து கத்துற. இல்லன்னு எப்படித் தலையாட்டுறது?"

வீட்டில் தினமும் காலையில் அவர் சட்டைப் பையில் நான்தான் பணம் வைப்பேன். சொல்ல மாட்டேன், அவரும் கேட்க மாட்டார். அதே பழக்கத்தில் ஜெயிலிலும் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். கடைப்பக்கம் போகிற ஆளும் இல்லை. எப்போதோ ஒரு தடவை சொத்தைக் கத்திரிக்காய் வாங்கி வந்தார், தெரு சிரிக்கப் பேசினேன். அதோடு சரி. இப்போது மற்றவர்கள் எல்லாம் கேண்டீனுக்குப் போக, இவர் சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாராம்.

செப்டம்பர் 9 – செவ்வாய்

வலையை ஒட்டி நின்று கத்திக் கத்திப் பாடம் நடத்தினேன். "பேரு, நம்பர் சொல்லுங்க. கணக்குல எவ்ளோ இருக்குதுன்னு கேளுங்க. கூச்சப்படாதீங்க, நம்ம காசு."

"சில்லற குடுப்பாங்களா?"

"கணக்குலயே கழிச்சுக்குவாங்க மாமா. கிரீம் பிஸ்கட்டு வேணாம், உப்பு பிஸ்கட்டு வாங்குங்க. பாக்கெட்ட திருப்பித் தேதி பாருங்க. வறுத்த கடல வாங்கி வெச்சுக்குங்க, கெடாது."

"ஏண்டி, இஸ்கூல் நடத்துறியா?" என்று சௌந்தரம் அக்கா பக்கத்திலிருந்து சிரித்தார். எல்லாவற்றையும் திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னார். கடைசியில், "கடல மட்டும் வேணாம் காயத்ரி."

"ஏன், சர்க்கரைக்கு நல்லதுதான–" என்று சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. புவனகிரி ரோட்டில் அன்றைக்கு இவர் வேன் மோதிச் சாய்ந்தது கடலை வண்டி. செத்தவர் அதைத் தள்ளிக்கொண்டு போனவர். ரோடெல்லாம் கடலை கிடந்தது என்று இவர்தான் ஒரே ஒரு முறை சொன்னார். எப்படி மறந்தேன்? ச்சீ, என்ன பொம்பள நான்.

"சரி மாமா, வேணாம்."

"எத வாங்குனாலும் தொண்டையில எறங்காது காயத்ரி."

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க பட்டினி கெடந்தா அவுரு எழுந்து வந்துருவாரா? ரெண்டு வருஷம் கழிச்சு நீங்க எனக்கு முழுசா வேணும்!" இரண்டு பக்கமும் ஒரு நொடி எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். அவர் தலையாட்டினார். இந்தத் தடவை காதில் வாங்கித்தான் ஆட்டினார்.

செப்டம்பர் 23 – செவ்வாய்

வாங்கியிருக்கிறார்! உப்பு பிஸ்கட், ஒரு சோப்பு. தேதியும் பார்த்தாராம். பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன்.

அக்டோபர் 10

புரட்டாசி. திருவந்திபுரம் பெருமாள் கோயிலுக்குப் போகலாம் வா என்று சௌந்தரம் அக்கா கூப்பிட்டார். போகவில்லை. பெருமாளிடம் யாருக்காக என்ன கேட்பது? செத்தவர் வீட்டிலும் யாராவது அங்கே வந்து நின்றிருப்பார்கள்.

நவம்பர் 11 – செவ்வாய்

விடாத மழை. முட்லூரில் பஸ் பழுதாகி நின்று, வேறு பஸ் பிடித்து, நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன்.

முகம் தெளிந்திருக்கிறது. கன்னத்தில் சதை பிடித்திருக்கிறது. வந்ததும் கேண்டீன் கதைதான். "பிஸ்கட்டு பாக்கெட்டு சின்னதாப் போச்சு. பிரெட்டு பழசு, வேணான்னுட்டேன். சோப்பு ரெண்டா வாங்குனா ஒரு மாசம் ஓடுது." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இவ்வளவு பேசியதில்லை. நான் முட்லூரில் நின்ற கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார்.

"என்ன மாமா?"

"இன்னிக்கு எங்க பிளாக்குக்குக் கேண்டீன். லேட்டாப் போனா ஒண்ணும் இருக்காது. மழையில பாத்துப் போ, என்ன? நான் வரட்டா?"

போய்விட்டார். மனு நேரம் இன்னும் பாக்கி இருந்தது. அவர் நின்ற இடத்தில் வேறு யாரோ வந்து நின்று, வேறு யாரையோ கூப்பிட்டார்கள்.

இன்று ராத்திரி அவர் சாப்பிடுவார். அதற்குத்தானே இத்தனை பாடும். சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஈரப் புடவையோடு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.

"முடிஞ்சிதாம்மா?" என்று காவலர் கேட்டார்.

முடிந்தது என்றேன்.