மாப்பிள்ளை மாடு தெற்கே போன கதை

ஆரஞ்சு ஆற்றங்கரை
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் மகானோவுக்கு,

உன் மேமே எழுதுவது. உன்னைப் பெற்ற நானும் டாட்டேயும் சுகமாக இருக்கிறோம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது எங்கள் சுகத்தை விசாரிக்கும் நிலையில் நீ இருப்பாயோ என்னவோ. அந்த ஃபின்லாந்துப் பனியில் உன் நெஞ்சுச்சளி குறைந்ததா, ஆஸ்பத்திரியில் உனக்கு இன்னும் இரவு முறைதானா? காலுறை இரண்டு ஜோடி போட்டுக்கொள், ஒன்றின் மேல் ஒன்று. கடைகள் மூன்றையும் உன் தம்பி பார்த்துக்கொள்கிறான், போர்வைச் சரக்கு வந்து இறங்கிவிட்டது, பிளாஸ்டிக் தொட்டிதான் எல்லையில் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இதையெல்லாம் போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். ஃபெஸ்டஸ் என்ற பெயரை எடுத்தாலே நீ போனை வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைக்க முடியாது, திரும்ப எடுத்துப் படிக்கத் தோன்றும். படி.

டாட்டே ஓய்வு பெற்றதிலிருந்து வண்டிக் கூரைமேல் மடக்கி விரிக்கும் கூடாரம் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டு, நாட்டை மேலிருந்து கீழ்வரை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று என்னை நச்சரித்துக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். தரையில் படுத்து எழுந்துதான் எல்லையில் எண்ணெயில் பொரித்த அப்பம் விற்றேன், இன்று கட்டில் வாங்கிய பிறகு மறுபடி காட்டில் படுக்க நான் என்ன பைத்தியமா என்று மறுத்துக்கொண்டே இருந்தேன். பிறகு ஒருநாள் லாரிக்காரன் ஒருவன் பேச்சுவாக்கில் சொன்னான், கீட்மான்ஸ்ஹூப் தாண்டி நெடுஞ்சாலை ஓரத்திலேயே ஃபெஸ்டஸ் மாமனார் நிலத்தில் கூடாரக்காரர்களுக்குக் கேம்ப் நடத்துகிறான் என்று. அன்று மாலையே டாட்டேயிடம் போகலாம் என்றேன். மனிதர் சந்தோஷத்தில் புது டார்ச் விளக்கு வாங்கி வந்தார்.

அவன் உன் கல்யாணத்தை முறித்ததற்காக மட்டும் நான் போகவில்லை மகளே. கொள்வதும் விடுவதும் சந்தையில் நடப்பதுதான். சபையில் மூன்று ஞாயிறு உங்கள் கல்யாண அறிவிப்பு வாசித்த பிறகு, தெற்கே நிலமுள்ளவர் பெண் கிடைத்தாள் என்று ஓடினானே, அதைக்கூட விட்டிருப்பேன். ஆனால் ஓடிய வழியெல்லாம் நீதான் அவனை விட்டாய், உனக்கு வெளிநாட்டில் ஆள் இருந்தது என்று சொல்லிக்கொண்டே ஓடினான். அடுத்த மாதம் நீ வேலைக்காக விமானம் ஏறினாய், அவன் பொய்க்கு அதுவே சாட்சியாகிவிட்டது. ஒன்டாங்வா சந்தையில் தக்காளி விற்கும் மேமே ஹில்கா என் முகத்துக்கு நேரே, 'என்ன லொவிசா, உம் பொண்ணு வெள்ளக்காரனோட போயிட்டாளாமே, எங்களுக்கெல்லாம் சாக்லேட்டாவது அனுப்புவாளா?' என்று கேட்டாள். தக்காளி வாங்கப் போனவள் வாங்காமல் வந்தேன். மூன்று வருடமாக நீ ஊர்ப்பக்கம் வரவில்லை. உன் தம்பி கல்யாணத்துக்கும் லீவு கிடைக்கவில்லை என்றாய். எது கிடைக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

அந்தக் கறுப்பு வெள்ளை மாடு ஞாபகம் இருக்கிறதா? ஃபெஸ்டஸே நம் தொழுவத்துக்கு வந்து, நம்ம கல்யாணத்துக்கு இதுதான் என்று விரல் நீட்டிய மாடு. கசாப்புக்காரர்கள் எத்தனை பேர் கேட்டும் நான் விற்கவில்லை. மேய்ப்பவர்கள் அதற்கு மாப்பிள்ளை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளைக்குத் தண்ணி காட்டியாச்சா, மாப்பிள்ளை வேலி தாண்டிட்டாரு என்று தினமும் காதில் விழும். புறப்படுவதற்கு முந்தின நாள் அதை அடித்து, நல்ல பாகங்களைக் குளிர்பெட்டிகளில் அடைத்து, வழிச் சாப்பாட்டுக்கு இறைச்சி என்று டாட்டேயிடம் சொல்லி ஏற்றினேன். என் கணக்கு இதுதான்: அவன் கேம்பில், அவன் மாமனார் கண்ணெதிரே அதைச் சுட்டு, அவன் தட்டில் வைத்து, நீ கேட்ட மாடு, தின்னு என்பது.

இப்போது சிரிக்காதே. இத்தனை வருடம் எல்லையில் சரக்கு ஏற்றி இறக்கியவள், வடக்கு மாட்டு நோய் தெற்கே போகாமல் தடுக்கும் சிவப்புக் கோடு என்ற வேலியை மறந்துவிட்டேன். தொட்டியும் போர்வையும் விற்றவளுக்கு மாட்டு நோய்ச் சட்டம் எங்கே நினைவிருக்கும்? ஒஷிவெலோ கேட்டில் சீருடைப் பெண் ஒருத்தி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, 'மேமே, வடக்கு மாட்டோட பச்சை இறைச்சி இந்தக் கேட்டைத் தாண்டாது. வெந்தது தாண்டும். குழியில போட்டு எரிக்கட்டுமா, இல்ல நீங்களே வேக வைக்கிறீங்களா?' என்றாள். எரிப்பதா, மூன்று வருடம் தீனி போட்டதையா? வண்டியைச் சாலையோரம் இறக்கி, டாட்டே ஆசையாக வாங்கிய கூடாரத்தை முதன்முதலாக அந்தக் கேட்டுக்குப் பக்கத்திலேயே விரித்து, முள் விறகு மூட்டி, சுடவும் அவிக்கவும் தொடங்கினேன். வாசனை போன தூரத்துக்கு லாரிகள் நின்றன. பயணிகள் வேன் ஓட்டுபவர்கள், முட்டை ஏற்றிப் போகிறவர்கள், சவப்பெட்டி ஏற்றிப் போன ஒரு வண்டி கூட நின்றது. வந்தவர்களை வெறும் கையோடு அனுப்ப முடியுமா? கொடுத்தேன். கொழுப்பு வழியத் தின்றுகொண்டே ஒருவன் கேட்டான், 'டாட்டே, ரோட்டுல விருந்து வைக்கிறீங்களே, யாருக்குக் கல்யாணம்?' உன் டாட்டே கரித்துண்டைக் கிளறிக்கொண்டே, 'கல்யாணம் நடக்கல. இதுதான் மாப்பிள்ளை' என்றார்.

எனக்குக் கை நின்றுவிட்டது. இது எந்த மாடு என்று நான் உங்களிடம் சொல்லவில்லையே என்றேன். 'நான் என்ன குருடனா? கிளம்பும்போதே மாப்பிள்ளை நின்ன இடம் காலியா இருந்துச்சே' என்றவர், அவ்வளவு பேருக்கும் முழுக் கதையையும் அவரே சொன்னார். கோபமே வராத மனிதர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வந்த கோபத்தை மூன்று வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறார், நான் மாட்டை வைத்திருந்தது போல. ஒரு வேன்காரன் எலும்பை உறிஞ்சிவிட்டு, 'அந்த ஆளா? அவன் கேம்ப் வாசல்லதான் நாங்க எல்லாரும் போறோம் வர்றோம்' என்றான். அப்போதுதான் எனக்குப் புத்தி வேலை செய்தது. அடுத்தவன் வண்டியில் போகும் சரக்குக்குத்தான் லாபம் அதிகம். முதுகுக்கறியும் விலாவும் மட்டும் ஃபெஸ்டஸுக்கென்று வேகவைத்து எடுத்து வைத்துக்கொண்டு, மீதியை நின்றவர்களுக்கே, கதையோடு சேர்த்துப் பகிர்ந்தேன்.

அதன் பிறகு நாங்கள் மெதுவாகவே போனோம், கதை வேகமாகப் போனது. ஒட்ஜிவரோங்கோ தாண்டி டயர் வெடித்து, ஒரு கருவேல மரத்தடியில் கூடாரம் போட வேண்டியதாயிற்று. காட்டுப்பன்றி ஒன்று வந்து டாட்டேயின் செருப்பை எடுத்துப் போய்விட்டது, மனிதர் ஒற்றைச் செருப்போடு குருவிக்கூடு பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் பெட்ரோல் போடும் பையன் கண்ணாடி துடைப்பதை நிறுத்திவிட்டு, 'கல்யாண மாடு மேமே நீங்கதானா?' என்று கேட்டான். மரியென்டாலில் மணல்காற்று எங்களை நிறுத்திவைத்தது, அங்கே ரொட்டி விற்கிறவள் என் கதையை எனக்கே சொன்னாள். அதற்குள் மாடு இரண்டாகிவிட்டது, மாப்பிள்ளை ஜன்னல் வழியாகக் குதித்து ஓடினான், மாடு கண்ணீர் விட்டது. மாடு எத்தனை என்பதை நான் திருத்தவில்லை. ஆனால் பெண்தான் அவனை விட்டாளாமே என்று ஒருத்தி இடையில் பேசினாள், அதை அங்கேயே நிறுத்தித் திருத்தினேன். சரக்கு கொஞ்சம் கலப்படமானால் பரவாயில்லை, முத்திரை சரியாக இருக்க வேண்டும். அதன்பின் நிற்க வேண்டிய இடங்களை நானே தேர்ந்தெடுத்தேன். டாட்டே சொன்னார், 'நீ ஊர் பாக்க வரல, மொத்த வியாபாரம் பண்ண வந்திருக்க' என்று.

அவன் கேம்ப் வாசலை அடைந்தபோது எனக்கு முன்னே போன லாரி வேகத்தைக் குறைத்து, ஹாரனை இழுத்து இழுத்து மாடு கத்துவது போலவே அடித்துவிட்டுப் போனது. பின்னாலேயே இன்னொன்று. ஃபெஸ்டஸ் தொப்பியோடு வெளியே வந்தான், வயிறு போட்டிருக்கிறான். எங்களைப் பார்த்ததும் முகம் அவித்த பூசணியாகிவிட்டது. 'வாங்க மேமே, வாங்க டாட்டே' என்றவன், கழிவறைப் பக்கத்தில் இடம் காட்டினான். மரத்தடி இடம் வேண்டும் என்றேன். கொடுத்தான். மெதுவாகக் கிட்டே வந்து, 'மேமே, ஒரு வாரமா இப்படித்தான். வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. போதும்னு அவங்ககிட்ட சொல்லுங்க' என்று கெஞ்சினான். யாரிடம் சொல்ல வேண்டும், ரோட்டிடமா என்று கேட்டேன்.

சாயங்காலம் தீ மூட்டியதும் நான் கூப்பிடாமலே மாமனார் வந்தார். ஊம் டாவிட் என்ற ஆட்டுப்பண்ணைக்காரர், கைத்தடியும் கறார் பேச்சுமாக. மகளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 'என் கேட்டுல லாரியெல்லாம் ஏன் மாடு மாதிரி கத்துது? இவனக் கேட்டா காத்துங்கிறான்' என்றார் பெரியவர். பதிலுக்கு நான் கறியைச் சூடாக்கிக் கம்புக் களியோடு எல்லோருக்கும் வைத்தேன். ஃபெஸ்டஸ் தட்டில் விலாவை வைத்தேன். எவ்வளவு ஓடினாலும் நம் வடக்குப் பிள்ளை, பெரியவர்கள் கையால் வைத்ததை வேண்டாம் என்று தள்ளத் தெரியாது. வாயில் வைத்தான். இது எந்த மாடு, உங்க மாப்பிள்ளை சொல்லட்டும் என்றேன். மென்றான், மென்றான், விழுங்க முடியவில்லை. அப்போது அவன் மனைவிதான் கேட்டாள், 'இவங்க பொண்ணு உங்கள விட்டாங்களா, நீங்க அவங்கள விட்டீங்களா?' ரோட்டில் இன்னொரு லாரி கத்திவிட்டுப் போனது. 'நான்தான் விட்டேன். வேற ஆளுன்னு சொன்னது பொய்' என்றான். கறி வாயில் இருந்ததால் தெளிவாகக் கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொன்னார் மாமனார். சொன்னான்.

அந்தப் பெண்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவளையும் அதே பொய்யைச் சொல்லித்தான் கட்டியிருக்கிறான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே தட்டை என்னிடம் நீட்டி, 'இன்னொரு துண்டு வைங்க மேமே, நல்லா வெந்திருக்கு' என்றாள். வைத்தேன். எலும்பைக்கூட விடவில்லை. மன்னித்தாயா என்று டாட்டே வழியில் கேட்டார். அதற்கு நான் இன்னும் கடை திறக்கவில்லை என்றேன். ஹாரனை நிறுத்தச் சொல்லவும் இல்லை. டயர் தேயும்வரை அடிக்கட்டும்.

நீ இனி ஃபின்லாந்தில் ஒளிந்திருக்கக் காரணம் இல்லை. வேலைக்காக இரு, சம்பளத்துக்காக இரு, பனி பிடித்திருந்தால்கூட இரு. அவமானத்துக்காக இருக்காதே, அதைச் சமைத்துப் பங்கு போட்டாகிவிட்டது. கடவுள் உன்னை நோயிலிருந்தும் வாய்ப்பேச்சிலிருந்தும் காக்கட்டும், உன் கை தொட்ட நோயாளி எல்லாம் எழுந்து நடக்கட்டும், உன் தலை எப்போதும் நிமிர்ந்தே இருக்கட்டும்.

ஒன்றை மறந்துவிடாதே. டிசம்பரில் வரும்போது உன்னைக் கூட்டிவர விமான நிலையத்துக்கு யாரும் வர மாட்டோம், வேண்டுமென்றேதான். வின்ட்ஹுக்கில் வடக்கே போகும் வேன் ஏறு. நீ யார் வீட்டுப் பெண் என்று ஓட்டுநர் கேட்பான். மாப்பிள்ளை மாட்டு வீட்டுப் பெண் என்று சொல். முன் இருக்கையில் உட்கார்ந்திருப்பவனை எழுப்பிவிட்டு உன்னை உட்கார வைக்கிறானா இல்லையா என்று பார்த்து எனக்குச் சொல். சந்தை வாசலில் இறங்கு, மேமே ஹில்காவிடம் தக்காளி வாங்கிக்கொண்டு வா. சாக்லேட் கொண்டுவராதே.

உன் மேமே,
லொவிசா

(டாட்டே உனக்கு முத்தம் சொல்லச் சொன்னார். அவருக்குச் செருப்பு ஒன்று வாங்கி வா, இடது கால் மட்டும் போதுமாம்.)